வகுப்பறையிலிருந்தே விமான மியூசியம்: நெல்லைப் பிள்ளைகளை அழைத்துப் போக ஒரு வழிகாட்டி

மெய்நிகர் சுற்றுலா என்றால் பல பள்ளிகளில் நடப்பது இதுதான். ஹைடெக் லேபில் புரொஜெக்டரைப் போடுவார்கள். ஏதோ ஒரு மியூசியத்தின் பக்கம் திறக்கும். ஆசிரியர் மௌஸைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஒரு சுற்றுச் சுற்றுவார். ஏகப்பட்ட விமானங்கள் கண்முன் ஓடும். "நல்லா இருந்துச்சா?" "நல்லா இருந்துச்சு சார்!" மணி அடித்துவிடும். மறுநாள் கேட்டால் ஒரு விமானத்தின் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதற்கு யூடியூபில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டுப் போகலாம். மெய்நிகர் மியூசியத்தின் பலமே வேறு. ஒரு பொருளின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். வாஷிங்டனுக்கு நேரில் போனால் பின்னால் கூட்டம் தள்ளும், குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் கிட்டே விடமாட்டார்கள். திரையில் அந்தத் தொல்லை இல்லை. இறக்கைக்கு அடியில் போய் அண்ணாந்து பார்க்கலாம், செயின் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடலாம். ஆகவே என் கணக்கு இரண்டு பாடவேளைக்கு மூன்றே விமானம். நான்காவதைப் பார்க்கப் பிள்ளைகள் அடம் பிடித்தால் நல்லதுதான், வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆசிரியர்தான் நடத்த வேண்டும் என்றில்லை. டியூஷன் எடுக்கும் அக்காவோ, லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும் சித்தப்பாவோகூட ஒரு லேப்டாப்பை வைத்து நடத்திவிடலாம்.

முதலில் கேள்வி, அப்புறம்தான் மியூசியம்

முதல் நாளே வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள். "நாளைக்கு விமான வரலாறு பார்க்கப் போகிறோம்" என்று சொன்னால் பாதிப் பேர் அப்போதே கொட்டாவி விடுவார்கள். "முதல் விமானத்தை ஓட்டியவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு விடை வரும். நடுவில், முன்னால், இறக்கைக்குப் பின்னால் என்பார்கள். எதையும் சரி என்றும் சொல்லாதீர்கள், தப்பு என்றும் சொல்லாதீர்கள். அவர் உட்காரவே இல்லை, படுத்திருந்தார் என்பதை அவர்களே திரையில் கண்டுபிடிக்கட்டும்.

கூடவே இன்னும் இரண்டு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். அதில் சக்கரம் இருந்ததா? பெட்ரோல் எங்கே வைத்தார்கள்? முன்பக்கம் கண்ணாடியே இல்லாத விமானத்தை ஒருவர் எப்படி ஓட்டுவார்? இவ்வளவு போதும். அச்சடித்த கேள்வித்தாள் கொடுத்தால் பிள்ளைகள் விமானத்தைப் பார்க்காமல் கோடிட்ட இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

எந்த மியூசியம்?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று வாசல்கள் போதும். மூன்றும் இலவசம்.

முதலாவது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகம். 1976 ஜூலையில் திறந்தார்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானம் அசலாகவே இங்கே இருக்கிறது. இதன் இன்னொரு கிளை 2003-இல் வர்ஜீனியாவில், டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் திறக்கப்பட்டது. டிஸ்கவரி விண்ணோடம், கான்கார்ட், எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் எல்லாம் அங்கே. ஸ்மித்சோனியனின் 3டி பக்கத்தில் ரைட் விமானத்தின் முப்பரிமாண மாதிரி உண்டு. விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நம் வேலைக்கு இதுதான் முக்கியம்.

இரண்டாவது ஒஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப் படை அருங்காட்சியகம். ரைட் சகோதரர்களின் சொந்த ஊர். கட்டடம் முழுவதையும் 360 பாகைப் படங்களாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தரையில் தெரியும் அம்புக்குறியைத் தட்டித் தட்டி நடக்கலாம். உண்மையாகவே உள்ளே நடப்பது போன்ற உணர்வு இங்கேதான் கிடைக்கும். ஆனால் இடம் பெரிது, பிள்ளைகளை அவிழ்த்துவிட்டால் திரும்பி வரமாட்டார்கள்.

மூன்றாவது கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர். மொபைல் செயலியாகவும் உண்டு. பல மியூசியங்களின் படங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். உள்ளே நடந்து பார்க்கும் வசதி சிலவற்றுக்கு மட்டும் இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். வாஷிங்டன் மியூசியத்தைச் சில ஆண்டுகளாகப் புதுப்பித்து, 2022 அக்டோபரிலிருந்து பகுதி பகுதியாகத் திறந்து வருகிறார்கள். இணையத்தில் நீங்கள் நடந்து பார்க்கும் கூடம் அதற்கு முன்னால் எடுத்ததாக இருக்கலாம். "இப்போது இந்த விமானம் இந்த இடத்தில்தான் தொங்குகிறது" என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

நம் நாட்டில் டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் இந்திய விமானப் படை மியூசியம், பெங்களூரில் எச்ஏஎல் மியூசியம், கோவாவில் கடற்படை விமான மியூசியம் என்று இருக்கின்றன. கூகுள் மேப்ஸில் தேடிப் பாருங்கள், பார்வையாளர்கள் எடுத்துப் போட்ட படங்கள் வரும். கோர்வையாக இருக்காது. இருந்தாலும் 1961-இல் முதன்முதலாகப் பறந்த நம் எச்எஃப்-24 மாருத் போர் விமானத்தைப் பார்க்க அது போதும்.

முந்தைய நாள் வேலை

எந்தக் கணினியில் நடத்தப் போகிறீர்களோ அதே கணினியில், அதே இணைய இணைப்பில் ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பாருங்கள். வீட்டு வைஃபையில் ஓடியது பள்ளியில் ஓடும் என்று நம்பக் கூடாது. 360 பாகைப் படங்களும் 3டி மாதிரிகளும் கனமானவை, முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். பிள்ளைகள் வருவதற்கு முன்பே தேவையான பக்கங்களைத் தனித்தனி டேப்பில் திறந்து வைத்துவிடுங்கள்.

நெட் படுத்துவிட்டால்? கரண்ட் போய்விட்டால்? ஒவ்வொரு விமானத்துக்கும் நாலைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றைப் பெரிதாக அச்செடுத்தும் வைத்தால் எதற்கும் பயமில்லை. பார்ப்பதற்கு மட்டும் என்றால் கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. எங்காவது கேட்டாலும் பிள்ளைகளின் பெயர், ஃபோன் எண்ணைக் கொடுக்க வேண்டாம்.

விஆர் கண்ணாடி வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஒருவர் மாட்டிக்கொண்டு பார்க்கும்போது மற்றவர்கள் சும்மா நிற்பார்கள், சிலருக்குத் தலை வேறு சுற்றும். பெரிய திரையிலும் காட்சியைச் சடாரென்று திருப்பினால் மயக்கம் வரும். மௌஸ் பிடிக்கும் பிள்ளையிடம் "மெதுவாடே" என்று சொல்லிவையுங்கள்.

ஆளுக்கொரு வேலை

நாலைந்து பேராகப் பிரியுங்கள். ஒருவர் மௌஸ் பிடிக்க வேண்டும். ஒருவர் விளக்கப் பலகையைப் படிக்க வேண்டும். ஒருவர் அளவுகளைக் குறித்துக்கொண்டு அடியை மீட்டராகவும் மைலைக் கிலோமீட்டராகவும் மாற்ற வேண்டும். மற்றவர்கள் படம் வரைய வேண்டும். விமானத்துக்கு விமானம் வேலையை மாற்றிக்கொள்ளட்டும்.

படம் வரைவதை விட்டுவிடாதீர்கள். பென்சிலால் வரையும்போதுதான் "இந்தக் கம்பி எங்கே போய் முடிகிறது?" என்ற சந்தேகமே வரும். அழகாக வரைய வேண்டிய அவசியம் இல்லை.

விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கூகுள் லென்ஸை திரைக்கு நேரே பிடித்தால் தமிழில் காட்டும். மோட்டாவாகப் புரிந்துகொள்ள அது போதும், தொழில்நுட்பச் சொற்களை மட்டும் நீங்கள் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் விமானம்: ரைட் சகோதரர்கள், 1903

மொத்த நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். 3டி மாதிரியைத் திறந்து, எதுவும் பேசாமல் பிள்ளைகளைச் சும்மா பார்க்கவிடுங்கள். முதலில் குழம்பிவிடுவார்கள், எது முன்பக்கம் என்றே தெரியாது. இன்றைய விமானத்தில் வாலில் இருக்கும் சின்னக் கிடைமட்ட இறக்கை இதில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. புரொப்பல்லர் இரண்டும் பின்னால். சக்கரம் கிடையாது, சறுக்குக் கட்டைதான். மணலில் சுமார் 60 அடிக்கு மரத் தண்டவாளம் போட்டு அதன் மேல் ஓடவிட்டார்கள்.

அப்புறம் கீழ் இறக்கைக்கு வாருங்கள். நடுவில் ஒரு தொட்டில் மாதிரி தெரியும், விமானி குப்புறப் படுத்து இடுப்பை வைக்கும் இடம். இடுப்பை இடப்பக்கமோ வலப்பக்கமோ அசைத்தால் கம்பி இழுத்து இறக்கையின் நுனி முறுக்கிக்கொள்ளும், விமானம் சாயும். படுத்துக்கொண்டால் காற்று எதிர்ப்பும் குறையும்.

அவருக்கு வலப்புறம் என்ஜின். சைக்கிள் கடை நடத்திய சகோதரர்களுக்காக அவர்களுடைய கடை மெக்கானிக் சார்லி டெய்லர் செய்து கொடுத்தது. சுமார் 12 குதிரைத் திறன். இன்று நம் தெருவில் ஓடும் 125, 150 சிசி பைக்குகளின் சக்தி அவ்வளவுதான் இருக்கும். அந்த என்ஜின் விமானியைவிடக் கனம். அதனால் வலப்பக்கம் தாழ்ந்துவிடாமல் இருக்க வலது இறக்கையை ஏறத்தாழ 4 அங்குலம் நீளமாகச் செய்தார்கள். திரையில் கண்ணால் பார்த்து அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் தேடாமல் விடமாட்டார்கள்.

இப்போது செயின். சைக்கிளுக்குச் செயின் மாட்டிப் பழகிய பிள்ளை எந்த வகுப்பிலும் இருப்பான். அவன் கையில் மௌஸைக் கொடுங்கள். என்ஜினிலிருந்து இரண்டு புரொப்பல்லருக்கும் செயின் போகும். ஒரு செயின் நேராகப் போகும், இன்னொன்று நடுவில் எட்டு மாதிரி குறுக்கே மாறிப் போகும். "ஏல, இந்தச் செயின் ஏன் முறுக்கிக் கிடக்கு?" என்று அவனே கேட்பான். ஒரு புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் மற்றது இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் விமானத்தையே ஒரு பக்கம் முறுக்கப் பார்க்கும். அதற்கு அவர்கள் கண்ட வழி செயினை மாற்றிப் போட்டதுதான். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டாலே அன்றைய வகுப்பு தேறிவிட்டது.

இறக்கைத் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது அந்த விமானத்தில் தெரியும் துணி 1903-இல் போர்த்தியது இல்லை, 1985-இல் பழுதுபார்த்தபோது மாற்றியது. அசல் துணியில் ஒரு துண்டை 1969-இல் ஆம்ஸ்ட்ராங் நிலவுக்குக் கொண்டுபோனார். இன்னொரு துணுக்கு செவ்வாய்க்குப் போன இன்ஜெனூயிட்டி ஹெலிகாப்டரில் ஒட்டியிருந்தது. அந்த ஹெலிகாப்டர் முதலில் பறந்தது 2021 ஏப்ரல் 19-இல், 39 விநாடி.

மியூசியம் சொல்வதெல்லாம் வேதவாக்கா?

இதே விமானத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுக்கலாம். 1928-இலிருந்து 1948 வரை இந்த விமானம் அமெரிக்காவிலேயே இல்லை. லண்டன் அறிவியல் மியூசியத்தில் இருந்தது. ஏன்?

ஸ்மித்சோனியனின் தலைவராக இருந்த சாமுவேல் லாங்லி என்பவரும் அதே 1903-இல் ஒரு விமானம் செய்தார். அது ஆற்றில் விழுந்தது. ஆனால் "மனிதரைச் சுமந்து பறக்கக்கூடிய முதல் விமானம்" என்று அந்த லாங்லி விமானத்துக்கே ஸ்மித்சோனியன் பிற்பாடு பெருமை கொடுத்து வந்தது. ஆர்வில் ரைட்டுக்குக் கோபம் வராதா? தங்கள் விமானத்தைத் தூக்கி லண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1942-இல்தான் ஸ்மித்சோனியன் தன் பேச்சைத் திரும்பப் பெற்றது. 1948 ஜனவரியில் ஆர்வில் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 17-இல் விமானம் வாஷிங்டனில் காட்சிக்கு வந்தது.

பெரிய மியூசியத்தின் பலகையில் எழுதியிருந்தாலும் "யார் சொல்கிறார்கள், சொல்வதில் அவர்களுக்கு என்ன லாபம்" என்று கேட்கலாம். வரலாற்று ஆசிரியர் பக்கத்து வகுப்பில் இருந்தால் இந்த இடத்தில் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரம் மைதானத்துக்கு

அடுத்த விமானத்துக்குப் போகுமுன் ஒரு பத்து நிமிடம் வெளியே வாருங்கள். பிடி ஆசிரியரிடம் அளவு நாடாவும் ஸ்டாப் வாட்ச்சும் வாங்கிக்கொள்ளுங்கள்.

1903 டிசம்பர் 17-இல், வட கரோலினாவின் கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் ஆர்வில் பறந்த முதல் தூரம் 120 அடி, அதாவது ஏறக்குறைய முப்பத்தாறரை மீட்டர். நேரம் 12 விநாடி. மைதானத்தில் அந்தத் தூரத்துக்கு இரண்டு கல்லை வையுங்கள். ஒரு பிள்ளையை ஓடவிடுங்கள், 12 விநாடிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அண்ணன் வில்பரும் அப்படித்தான் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தில் வலப்புறம் நிற்பவர் அவர்தான். படத்தை எடுத்தவர் பக்கத்து உயிர்காப்பு நிலையத்தைச் சேர்ந்த ஜான் டேனியல்ஸ்.

"இவ்வளவு மெதுவாகப் போனால் எப்படிப் பறக்கும்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். தரையை வைத்துப் பார்த்தால் வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர்தான். ஆனால் அன்றைக்கு மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டிய எதிர்க்காற்று. இரண்டையும் கூட்டினால் இறக்கையின் மேல் பாய்ந்த காற்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும். இறக்கைக்குத் தெரிந்ததெல்லாம் காற்றின் வேகம்தான். நம் வாகைக்குளம் விமான நிலையத்தில் விமானம் முடிந்தவரை எதிர்க்காற்றில் ஏறுவதும் இதனால்தான்.

அன்று மொத்தம் நான்கு முறை பறந்தார்கள். நான்காவது முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி போனார். அதன்பின் தரையில் நிறுத்தியிருந்தபோது ஒரு பலத்த காற்று அடித்து விமானத்தைப் புரட்டிப்போட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வது அங்கே மார்கழியில் பலித்துவிட்டது. பிடிக்கப் போன டேனியல்ஸும் அதற்குள் மாட்டிக்கொண்டு உருண்டார். அதற்குப் பிறகு அந்த விமானம் பறக்கவே இல்லை.

அவர்கள் கிட்டி ஹாக்கைத் தேடிப் போனதற்குக் காரணம் விடாமல் அடிக்கும் காற்று, விழுந்தால் அடிபடாத மணல், வேடிக்கை பார்க்க ஆள் குறைவு. திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "நம்ம தேரிக்காடு மாதிரி" என்று சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது: ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ், 1927

சார்லஸ் லிண்ட்பெர்க் என்ற 25 வயது விமானி மே 20, 21 தேதிகளில் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு எங்கும் இறங்காமல் தனியாகப் பறந்த விமானம். இதுவும் வாஷிங்டன் மியூசியத்தில்தான். சுமார் 5,800 கிலோமீட்டர், 33 மணி 30 நிமிடம்.

இதில் பிள்ளைகளுக்கு ஒரே வேலை கொடுங்கள். விமானியின் முன்கண்ணாடியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கிடைக்காது. அந்த இடத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. என்ஜினுக்கும் டேங்குக்கும் நடுவில் விமானி உட்கார்ந்தால், விழும்போது இரண்டுக்கும் இடையில் நசுங்குவார். அதனால் டேங்கை முன்னால் வைத்து, தான் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முன்னால் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும், அல்லது சின்ன பெரிஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ரேடியோ கிடையாது, பாராசூட் கிடையாது. இருக்கை பிரம்பு நாற்காலி. எடையைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றலாம் என்பதுதான் கணக்கு.

மூக்குப் பகுதியைப் பெரிதாக்கினால் கொடிகள் தெரியும். அவை பிற்பாடு அவர் போன நாடுகளின் கொடிகள், பயணம் முடிந்தபின் வரைந்தவை. ஒரு பொருளில் எது முதலில் இருந்தது, எது பிறகு சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க இது நல்ல பயிற்சி.

பெண் பிள்ளைகள் வகுப்பு என்றால் இதற்குப் பதிலாக அதே மியூசியத்தின் இன்னொரு விமானத்தை எடுங்கள். அமீலியா இயர்ஹார்ட்டின் சிவப்பு நிற லாக்ஹீட் வேகா. 1932-இல், லிண்ட்பெர்க் போன அதே மே 20, 21 தேதிகளில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தார். அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் அவர்தான். ஆண் பிள்ளைகள் வகுப்பிலும் தாராளமாகக் காட்டலாம்.

மூன்றாவது: தபால் சுமந்த பஸ் மாத்

இங்கே முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தியக் கதைக்கு 3டி மாதிரியைத் தேடி அலைய வேண்டாம். பஸ் மாத் (Puss Moth) விமானத்தின் புகைப்படத்தை ஒரு பக்கமும் கூகுள் மேப்ஸை இன்னொரு பக்கமும் திறந்துகொள்ளுங்கள்.

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை என்ஜின் பஸ் மாத்தில் கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் கிளம்பி, அகமதாபாத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். ஏர் இந்தியாவின் தொடக்கம் இதுதான். 1935-இல் இந்தத் தபால் சேவை திருவனந்தபுரம் வரை நீண்டது. பிள்ளைகள் மேப்ஸில் ஊர் ஊராகப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கட்டும். கோடு செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும்போது முகத்தைப் பாருங்கள். அதே மாதம் 8-ஆம் தேதிதான் இந்திய விமானப் படையும் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுங்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரே வாரம்.

ஆர்வமுள்ள வகுப்பானால் இன்னும் பின்னால் போகலாம். 1911 பிப்ரவரி 18-இல் அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டுபோனார். உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் அதுதான்.

குண்டு போட்ட விமானங்கள்

டேட்டனுக்குள் நடக்கிற பிள்ளைகள் ஒரு கட்டத்தில் போக்ஸ்கார் முன்னால் போய் நிற்பார்கள். 1945 ஆகஸ்ட் 9-இல் நாகசாகி மேல் அணுகுண்டு போட்ட விமானம். ஹிரோஷிமாவில் போட்ட எனோலா கே, ஸ்மித்சோனியனின் வர்ஜீனியா கிளையில் இருக்கிறது. பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள், பக்கத்தில் இருக்கும் தகவல் பெரும்பாலும் இறக்கை நீளம், வேகம், என்ஜின் பற்றியதாக இருக்கும்.

அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். இது மூன்று விமானக் கணக்கில் சேராது என்றாலும் பிள்ளைகள் கேட்டால் உட்கார்ந்து பேசுங்கள். "இந்தப் பலகையில் எது எழுதப்படவில்லை?" என்று ஒரு கேள்வி போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் அவர்களே பேசுவார்கள். சின்ன வகுப்புகளுக்கு எந்த ஊர், எந்த நாள், எவ்வளவு பெரிய அழிவு என்று நேராகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

திரையை அணைத்த பிறகு

வகுப்பு முடிந்த வாரத்திலேயே வெளியே ஒன்றைக் காட்டிவிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் அதற்குப் பஞ்சமில்லை.

கயத்தாறு என்றால் பிள்ளைகளுக்குக் கட்டபொம்மன்தான் ஞாபகம் வருவார். அதே ஊரில் காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையமும் உண்டு. காற்றாலையின் இறக்கையும் விமான இறக்கையும் ஒரே குடும்பம்தான். ரைட் சகோதரர்கள் 1901-இல் ஒரு மரப்பெட்டியில் காற்றை ஓடவிட்டுச் சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். புரொப்பல்லர் என்பது சுற்றிக்கொண்டே முன்னேறும் இறக்கை என்று அப்புறம் தெளிந்தார்கள். என்ஜின் புரொப்பல்லரைச் சுற்றினால் விமானம் முன்னே போகிறது. காற்றாலையில் காற்று இறக்கையைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. ஒரு இறக்கையை அடியிலிருந்து நுனிவரை பார்க்கச் சொல்லுங்கள், லேசாக முறுக்கியிருப்பது தெரியும். ரைட் விமானத்தின் மரப் புரொப்பல்லரிலும் அதே முறுக்கு உண்டு. பழைய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இறக்கையின் மேல்புறம் வளைவு அதிகம், மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அதனால்தான் வேகமாகப் போகிறது என்று பல வீடியோக்களில் விளக்குவார்கள். அது தப்பு. அப்படிச் சேர்ந்தாக வேண்டிய கட்டாயம் காற்றுக்கு இல்லை. சாய்ந்தும் வளைந்தும் இருக்கும் இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, அதன் எதிர்விசை இறக்கையை மேலே தூக்குகிறது என்று சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக்கு அது தாராளம்.

வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் என்றால் சென்னையிலிருந்து வரும் ஏடிஆர் விமானத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ரைட் புரொப்பல்லரில் இரண்டு அலகு, இதில் ஆறு. இறக்கையும் உடலுக்கு மேலே இருக்கும். ஃபிளைட்ரேடார் செயலியில் அது மதுரையைத் தாண்டுவதிலிருந்து இறங்குவது வரை பார்க்கலாம்.

நாகர்கோவில் பஸ்ஸில் போனால் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு வரும்போது மேற்கே மகேந்திரகிரி மலை தெரியும். இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அங்கேதான், விகாஸ், கிரையோஜெனிக் என்ற ராக்கெட் என்ஜின்களைச் சோதிப்பது அங்கேதான். நினைத்த நேரத்தில் உள்ளே போய்விட முடியாது, முறைப்படி அனுமதி வேண்டும். அதே சாலையில் இரண்டு பக்கமும் காற்றாலைகளும் நிற்கும். "காற்று இல்லாமல் இது சுற்றாது. காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எப்படிப் போகிறது?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள், விடையை உடனே சொல்லாதீர்கள். டவுனுக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது.

எந்த மாதம் வைப்பது?

ரைட் சகோதரர்கள் பறந்த டிசம்பர் 17-ஐ ஒட்டி நடத்தலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். அரையாண்டுத் தேர்வு நேரம், ஒருவரும் விடமாட்டார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து வரும் அக்டோபர் இரண்டாம் வாரம் தேதிக் கணக்குக்குப் பொருத்தம், விமானப் படை நாளும் டாட்டாவின் தபால் பயண நாளும் அப்போதே வரும். ஆனால் கயத்தாறுக்கோ காவல்கிணற்றுக்கோ பிள்ளைகளைக் கூட்டிப் போகும் எண்ணம் இருந்தால் ஜூலை, ஆகஸ்டுதான். குற்றாலத்தில் சாரல் விழும் அந்த நாள்களில்தான் கணவாய் வழியாகக் காற்று விடாமல் அடிக்கும், எல்லாக் காற்றாலையும் சுற்றும். என்னைக் கேட்டால் ஆடியில் திரையும் காற்றாலையும். பஸ் மாத்தை மட்டும் தனியே எடுத்து அக்டோபரில் ஒரு பாடவேளை. தலைமையாசிரியரிடம் இரண்டுக்கும் சேர்த்து ஜூனிலேயே கேட்டு வைத்துவிடுங்கள், லேப் கால அட்டவணை அதற்குள் நிரம்பிவிடும்.